திரும்பி வந்த பிள்ளை

'போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே' என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. கேலிக்காகவே சொல்லப்படுவது. வேலை தேடிப் பட்டணம் போனவன் ஆறு மாதத்தில் திரும்பினாலும் இதைச் சொல்லுவார்கள். கடையில் கணக்கெழுதச் சேர்ந்தவன் பிடிக்காமல் வந்துவிட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் கத்தோலிக்கர் வாழும் தெருக்களில் இந்தக் கேலி எல்லாரையும்விட ஆழமாய்க் குத்துவது குருமடத்திலிருந்து திரும்பி வந்த பையனையும், நவசந்நியாசம் முடியுமுன் கன்னியர் மடத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த பெண்ணையுமே.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இதை நீங்கள் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். பிள்ளை போகிறபோது கோவிலில் அவன் கருத்துக்காகப் பூசை. உறவினர் துண்டும் மாலையும் போடுவார்கள். புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். திரும்பி வருகிறபோது இராத்திரி பஸ்ஸில் வருகிறான். தகப்பனார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பங்கில் பூசை காண்கிறார். தாயார் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் "லீவிலே வந்திருக்கிறான்" என்று சொல்லிச் சமாளிக்கிறாள். லீவு நீளநீள, கேட்கிறவர்களின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்காருகிறது. பெண்ணாயிருந்தாலோ கேட்கவே வேண்டாம். வரன் பார்க்க வருகிறவர்களிடம் யாராவது ஒரு புண்ணியவதி "மடத்திலேயிருந்து வந்த பெண்" என்று காதைக் கடித்துவிடுவாள்.

சுவிசேஷத்தில் ஊதாரிப் பிள்ளை தகப்பன் சொத்தையெல்லாம் கெட்ட வழியில் அழித்துவிட்டுத் திரும்பினான். அவனுக்குக் கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளையோ சொத்தை அழிக்கவில்லை, பாவ வழி தேடிப் போகவுமில்லை. சர்வேசுரனைத் தேடிப் போய்த் திரும்பியிருக்கிறான். அவனுக்கு நாம் ஊதாரிக்குக் கிடைத்த வரவேற்பில் பாதியையாவது கொடுக்கிறோமா?

ஆகவே இந்த வாரம் ஒரு கேள்வியைச் சற்று நிதானமாய் யோசிப்போம். ஒருவன் ஒரு வழியில் மனதார இறங்கி, முயன்று பார்த்து, அது தனக்குரிய வழியல்லவென்று கண்டு திரும்பினால், அது தோல்விதானா? தேவ சித்தத்தை அவன் தவறவிட்டானா? அங்கே கழிந்த இரண்டு மூன்று வருஷமும் வீண்தானா?

நம்மில் பலர் தேவ அழைத்தலைத் தபாலில் வரும் கடிதம்போல எண்ணிக்கொண்டிருக்கிறோம். விலாசம் எழுதி, முத்திரை குத்தி, நேரே கையில் வந்து சேரும். பிரித்துப் படித்து அதன்படி நடக்கவேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கிறோம். அப்படி அழைக்கப்பட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அர்ச். சின்னப்பர் தமஸ்கு வழியில் ஆண்டவருடைய குரலையே கேட்டவர். அவர் தம் துணைவரோடு ஆசியாவிலே பிரசங்கிக்கப் பார்க்கிறார், இஸ்பிரீத்துசாந்து தடுத்துவிடுகிறார். சரி, பித்தினியா நாட்டுக்குப் போவோம் என்று அந்தப் பக்கம் திரும்புகிறார். அதுவும் கூடாதென்று ஆகிவிடுகிறது. இரண்டு வாசலும் அடைபட்டுத் துரோவா பட்டணத்துக் கடற்கரைக்கு வந்து நிற்கிறபோதுதான் ஓர் இரவில் மக்கெதோனியன் ஒருவன் தங்களிடம் வரும்படி கூப்பிடுவதாகத் தரிசனம் காண்கிறார். ஐரோப்பாவில் அவர் கால்வைத்தது அப்படித்தான். இரண்டு முறை தவறான திசையில் நடந்தவரைச் சர்வேசுரன் கடிந்துகொண்டதாக அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

இனி, நம் பங்குகளில் அதிகம் பேர் அறியாத ஓர் அர்ச்சியசிஷ்டவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் அர்ச். பெனதிக்து ஜோசப் லாப்ரே. பிரான்சு தேசத்தின் வடக்கே அமெத் என்னும் சிற்றூரில் 1748-ம் வருஷம் மார்ச்சு மாதம் பிறந்தவர். பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர். மூத்த பிள்ளையென்றால் வீட்டில் எத்தனை எதிர்பார்ப்பு இருக்குமென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில், பங்குக் குருவாயிருந்த சிற்றப்பனிடம் படிக்க அனுப்பினார்கள். பையன் குருவாவான் என்பது எல்லாருடைய எண்ணமும். அவனோ பதினாறு வயதளவில் வேறொன்றைச் சொல்லத் தொடங்கினான். கடுந்தவத்திலும் மௌனத்திலும் வாழும் திராப்பிஸ்து சந்நியாசிகளின் மடத்தில் சேரவேண்டுமாம். பெற்றோர் சம்மதிக்கவில்லை. 1766-ல் கொள்ளைநோய் ஒன்று பரவியபோது சிற்றப்பனார் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தே மரித்தார். பையன் வீடு வந்து சேர்ந்தான்.

அதன்பின் நான்கு வருஷத்துக்குள் நடந்ததைக் கேளுங்கள். பெற்றோர் ஒருவாறு சம்மதித்து, கர்த்தூசியன் சபையில் முயன்று பார்க்க அனுப்பினார்கள். முதல் மடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவது மடம் நெவீல் என்னுமிடத்தில். அங்கே, தர்க்க சாஸ்திரமும் தேவாலயப் பாட்டும் படித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். படித்துக்கொண்டு போனார். 1767-ல் சேர்த்துக்கொண்டார்கள், சில வாரங்களில் வெளியே வந்துவிட்டார். அங்கிருந்து தம் முதல் ஆசையான திராப்பிஸ்து மடத்துக்கு நடந்து போனார். வயது போதாதென்று கதவைச் சாத்தினார்கள். 1769-ல் மறுபடியும் நெவீல். மறுபடியும் சில வாரங்கள். இந்த வாழ்க்கைக்கு நீ ஏற்றவனல்ல என்ற தீர்ப்பு. அந்த வருஷக் கடைசியில் செத்-போன் என்னுமிடத்துச் சிஸ்தேர்சியன் மடத்தில் சேர்ந்தார். உடுப்பும் உர்பானென்னும் சகோதரப் பெயரும் கொடுத்தார்கள். இம்முறை நிலைத்துவிடும்போலிருந்தது. ஆனால் செய்யாத குற்றத்தையும் செய்ததாக எண்ணித் தவிக்கும் மனக்கலக்கம் அவரை வாட்டியது, காய்ச்சலில் விழுந்தார், உடம்பு இற்றுப்போயிற்று. 1770-ம் வருஷம் ஜூலை மாதம், உன்னைச் சர்வேசுரன் எங்கள் சபைக்கு அழைக்கவில்லை என்று சொல்லி மடாதிபதி அன்போடு அனுப்பிவைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இந்த இடத்தில் சற்று நின்று, அமெத் ஊரில் அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஊர் எந்த ஊரானாலென்ன, வாய் ஒன்றுதான். 'இவனுக்கு எங்கும் நிலைக்காது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்றிருப்பார்கள். அவருடைய பெயர் பதிந்திருந்த மடங்களின் ஏடுகளை மட்டும் பார்க்கிற எவருக்கும் அதுவே சரியென்று தோன்றும்.

அவர் தெற்கே இத்தாலியா தேசத்தை நோக்கி நடந்தார். அங்கேயும் ஏதாவது மடம் கிடைக்கும் என்றுதான் எண்ணியிருந்தார். கியேரி என்னும் ஊரிலிருந்து அந்த ஆகஸ்டு மாதக் கடைசியில் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அவர்களுக்குக் கிடைத்த கடைசிக் கடிதம் அதுவே. அதன்பின் அந்த நடைவழியில்தான் அவருக்குத் தெளிவு உண்டாயிற்று. சுவர்களுக்குள் இருந்து செய்ய விரும்பிய தவத்தைச் சுவர்களில்லாமல் செய்வதே தமக்கு இடப்பட்ட வழி. திருத்தலந்தோறும் நடந்து, பிச்சையேற்று, செபத்தில் வாழவேண்டும் என்று கண்டுகொண்டார். லொரேத்தோ, அசீசி, பாரி, ஸ்பெயினில் கொம்போஸ்தெலா, சுவிட்சர்லாந்தில் ஐன்சீடெல்ன் என்று கால்நடையாகவே போனார். தோளில் ஒரு பை; அதில் புதிய ஏற்பாடு, கிறிஸ்துநாதர் அனுசாரம், குருக்கள் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகம். பிறகு ரோமாபுரியில் தங்கினார். இடிந்த கொலொசேயத்தின் சுவர்ப் பொந்து ஒன்றில் இரவைக் கழித்து, பகலில் எந்தக் கோவிலில் நாற்பது மணி ஆராதனை நடக்கிறதோ அந்தக் கோவிலில் முழங்காலில் இருப்பார். கிடைத்த பிச்சையில் தம் தேவைக்கு மிஞ்சியதை மற்றப் பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். 1783-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி, பெரிய வாரத்துப் புதன்கிழமை, தேவமாதாவின் கோவில் வாசலருகே மயங்கி விழுந்தார். பக்கத்திலிருந்த கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்; அங்கே மரித்தார். வயது முப்பத்தைந்து. அர்ச்சியசிஷ்டவர் இறந்துவிட்டார் என்று தெருப்பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்களாம். அவருடைய ஆத்தும குருவான மார்க்கோனி சுவாமியார் அவருடைய சரித்திரத்தை எழுதினார். 1881-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார்.

இதை வாசித்துவிட்டு யாரும் கந்தை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டாம். அவருடைய வாழ்க்கை அவருக்கே விசேஷமாய்க் கொடுக்கப்பட்டது. நாம் பார்க்கவேண்டியது அவர் நடந்த விதத்தை. மடத்துக்கு மடம் மாறினாரே தவிர, அவர் தேடியது ஒருபோதும் மாறவில்லை. எளிமையும் தவமும் இடைவிடாத செபமுமே பதினாறு வயதில் அவருக்கு வேண்டியிருந்தவை. முப்பத்தைந்தாவது வயதில் மரிக்கும்போதும் அவர் கையில் இருந்தவை அவையே. போன இடத்தில் எல்லாம் பெரியவர்களிடம் மனந்திறந்து சொன்னார், அவர்கள் சொன்னதைக் கேட்டார். ஏற்றவனல்ல என்று சொன்னபோது முறையிட்டுச் சண்டை போடவுமில்லை, அந்த மடத்தைத் தூற்றிக்கொண்டு திரியவுமில்லை. கர்த்தூசியன் மடத்து மௌனமும் சிஸ்தேர்சியன் மடத்து ஒழுங்கும் பின்னாளில் தெருவில் அவரோடு கூடவே இருந்தன. நெவீலும் செத்-போனும் வீணென்றால், ரோமாபுரியில் வாழ்ந்த அந்த வாழ்க்கையை அவர் எங்கே கற்றார்?

முயன்று பார்க்கிறவனுக்கும் அலைபாய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. அலைபாய்கிறவன் கஷ்டம் வந்தவுடனே வழியை மாற்றுகிறான். அவனுக்குப் பிடிக்காதது சமையலறைச் சாப்பாடாயிருக்கும், மேலதிகாரியின் ஒரு சொல்லாயிருக்கும், கணக்குப் பாடமாயிருக்கும். இதைப்பற்றி அர்ச். இஞ்ஞாசியார் ஞான ஒடுக்கத்துக்கு எழுதிய ஒழுங்குகளில் ஒரு நல்ல எச்சரிக்கை உண்டு. மனம் இருண்டு வறண்டிருக்கிற வேளையில், முன்பு தெளிவாயிருந்தபோது செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அது. பிள்ளை அழுதுகொண்டு எழுதின கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் வண்டி வைத்துக்கொண்டு கூட்டிவரப் போகிற தாய்மாருக்கும் இது பொருந்தும். கொஞ்சம் பொறுங்கள், அழுகை தீர்ந்தபிறகும் அதே எண்ணம் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னதால் அவருடைய கதையையும் தொட்டுவிடுகிறேன். அதில் நம் நாட்டுக்கே ஒரு பங்கு இருக்கிறது. 1521-ல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்தபோது மனந்திரும்பிய இந்தப் போர்வீரர், தம் வழி எருசலேம்தான் என்று உறுதிகொண்டார். அங்கே குடியிருந்து ஆத்துமங்களுக்கு உதவுவதே அவர் எண்ணம். 1523-ல் போயும் சேர்ந்தார். திருத்தலங்களுக்குப் பொறுப்பான பிரான்சீஸ்குச் சபையார், இங்கே தங்கக்கூடாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பிவந்து, முப்பத்து மூன்று வயதில், பார்சலோனாவில் சிறு பையன்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். அல்காலாவில் நாற்பத்திரண்டு நாள் சிறை. சலமான்காவில் இருபத்திரண்டு நாள் சிறை. பிறகு பாரீசு. அங்கே கிடைத்த தோழர் ஆறு பேரோடு 1534-ம் வருஷம் தேவமாதா மோட்சாரோபணத் திருநாளன்று செய்த வார்த்தைப்பாட்டிலும் எருசலேம்தான் இருந்தது. ஆனால் இம்முறை அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் காத்திருந்தும் போக முடியாவிட்டால் பாப்பானவரிடம் போய், அவர் அனுப்புகிற இடத்துக்குப் போவது. துருக்கியரோடு மூண்ட யுத்தத்தால் வெனீசிலிருந்து யாத்திரைக் கப்பல் புறப்படவேயில்லை. ரோமாபுரிக்குப் போனார்கள். 1540-ல் சேசு சபை பிறந்தது.

அதே வருஷம் இந்தியாவுக்கு அனுப்பக் குறித்திருந்தவர் பொபதில்லா என்னும் குரு. புறப்படும் சமயத்தில் அவர் நோயாய்ப் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக, ஓரிரு நாள் அவகாசத்தில், கிழிசலைத் தைத்துக்கொண்டு கிளம்பியவர்தான் அர்ச். சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதர் குடிகளில் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபம் கற்பித்தார். எருசலேமுக்குக் கப்பல் கிடைத்திருந்தால்? பொபதில்லாவுக்குச் சுகமாயிருந்திருந்தால்? மணப்பாட்டுக் கடற்கரையில் நின்று இதை எண்ணிப் பார்க்க எனக்கு எப்போதும் ஆச்சரியமாயிருக்கும்.

இதெல்லாம் அர்ச்சியசிஷ்டவர்களுக்குச் சரி, எங்கள் வீட்டில் முயன்று பார்க்கப் பணம் எங்கே என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டிக்கு வாங்கிப் பொறியியல் கல்லூரியில் சேர்த்த பையன் ஒரு வருஷத்தில் இது எனக்கு ஒத்துவராது என்று நின்றால், அந்தக் கடன் அவனை அல்ல, தகப்பனைத்தான் கேட்கும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றார்கள் பெரியோர். ஆழத்தை அறியக் காலை நனைக்கத்தானே வேண்டும். ஆனால் கரையோரத்திலேயே நனைக்கலாம். பத்தாம் வகுப்பு விடுமுறையில் பையனை மாமனின் பட்டறையில் ஒரு மாதம் நிற்க விடுங்கள். நர்சு படிப்பு வேண்டுமென்கிற பெண் ஓர் ஆஸ்பத்திரியில் சில நாள் இரவில் துணையிருந்து பார்க்கட்டும். குருத்துவ ஆசையுள்ளவனுக்கு இந்நாளில் பல மேற்றிராசனங்களில் கோடை விடுமுறை முகாம்கள் நடக்கின்றன. இவற்றுக்கு ஆகிற செலவு சொற்பம். இத்தனைக்கும் பிறகு பெரிய செலவில் தவறு நேர்ந்தால், அதைப் பிள்ளை ஒளிக்காமல் நேரத்தோடு சொல்லும்படி வீடு இருக்கவேண்டும். மூன்றாம் வருஷம்வரை பயந்து மறைத்துவிட்டு, பரீட்சை எழுதாமலே எழுதினேன் என்று சொல்லித் திரியும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பணத்தைக் காட்டிலும் அதிகம் போகிற இடம் அது. சில வீடுகளில் அதைவிடவும் அதிகம் போயிருக்கிறது. அந்தத் தாய்மார் யாரென்று கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

முயன்று பார்க்கக் கூடாத இடமும் உண்டு. ஊர் சுற்றுகிற பையனுக்கு 'ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்' என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார்களே, அது என்ன முயற்சி? இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்நாளை முதலாய்ப் போட்டுத் தன் பிள்ளையைப் பரீட்சை பார்ப்பதுதானே? அவன் திருந்தாவிட்டால் அவள் எங்கே திரும்பிப் போவாள்? மெய்விவாகமும் நித்திய வார்த்தைப்பாடும் பார்த்துவிட்டு விடுகிற காரியங்களல்ல. அதனாலேயே திருச்சபை அவற்றுக்கு முன்னால் காத்திருக்கும் காலத்தை வைத்திருக்கிறது. ஒரு வருஷத்துக்குக் குறைந்த பரீட்சைக்குப்பின் எவரும் சந்நியாச வார்த்தைப்பாடு கொடுக்கலாகாது என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-லேயே விதித்தது. இப்போது வழங்கும் 1983-ம் வருஷத்துச் சட்டத்திலும் நவசந்நியாசம் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையக்கூடாது, நவசந்நியாசி எப்போது வேண்டுமானாலும் தடையின்றி வெளியேறலாம் என்று இருக்கிறது. நம் பங்குகளில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் சடங்குக்காக அல்ல.

ஆக, நவசந்நியாசத்தில் வீடு திரும்பும் பெண் சட்டத்தை மீறி ஓடிவந்தவள் அல்லள்; திருச்சபை எந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கச் சொல்லி அவளை அங்கே வைத்ததோ, அதற்குப் பதில் கண்டு வந்திருக்கிறாள். அந்தப் பதில் நாம் ஆசைப்பட்ட பதிலாக இல்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது பெற்றோரின் மனவருத்தத்தை நான் லேசாக எண்ணவில்லை. சர்வேசுரனுக்கென்று ஒரு பிள்ளையைக் கொடுத்தோம் என்கிற சந்தோஷம் பெரிய சந்தோஷம். அது கையைவிட்டுப் போகிறபோது நெஞ்சு வலிக்கும். வலிக்கட்டும். ஆனால் அந்த வலியைப் பிள்ளையின் தட்டில் பரிமாறக்கூடாது.

இந்தக் கோடையிலும் சில வீடுகளில் பெட்டியோடு ஒருவன் வந்து இறங்குவான். முதல் நாள் ஒன்றும் கேட்காதீர்கள்; சாப்பாடு போடுங்கள், தூங்கவிடுங்கள். சுவரிலிருக்கிற புகைப்படத்தை அவசரமாய்க் கழற்ற வேண்டாம். அக்கம்பக்கத்தார் கேட்டால் லீவு என்று சொல்லாமல், "அங்கே இருந்து பார்த்தான், அது அவனுக்குரியதல்லவென்று தெரிந்தது, வந்துவிட்டான்" என்று தகப்பனாரே சொல்லட்டும், ஒரு முறை தலைநிமிர்ந்து சொன்னால் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு பங்குக்குப் போகாமல் நம் கோவிலுக்கே கூட்டிவாருங்கள். இரண்டு வருஷம் குருமடத்தில் பாட்டும் ஆர்மோனியமும் பழகி வந்திருப்பான். பாடகர் குழுவில் எப்போதும் ஆள் குறைவு. ஞானோபதேச வகுப்புக்கும் ஆசிரியர் போதவில்லை. பூசை முடிந்தபின் பங்கு சுவாமியாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.